நத்தம் சாலையில் வாசித்த மூன்றாம் ஓலை

நத்தம் பக்கம் சபையாகச் சேர்ந்து ஒரு சனி ஞாயிறு போய் வரலாமா, தங்க இடம் கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். மாந்தோப்பும் புளியந்தோப்பும் இருக்கின்றன, சமைக்க நிழல் இருக்கிறது. ஆனால் நான் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பயணத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இருந்தும் எங்களுக்காகத் திண்டுக்கல்லிலிருந்து சவப்பெட்டி வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் எல்லோரும் அணாக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் கோயிலின் பாடகர் குழு, லெந்து என்கிற நாற்பது நாள் நோன்புக் காலத்துக்கு முந்தின சனிக்கிழமை எங்காவது வெளியூர் போய், பாடிப் பழகி, ஞாயிறு காலை ஆராதனைக்குத் திரும்பிவிடும். நான் அந்தக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவள். அந்த வருஷம் கல்யாணப் பெண்ணும் நான்தான். ஞாயிறு மூன்றாம் ஓலை, செவ்வாய்க்கிழமை கல்யாணம்.

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனையில் குருவானவர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் சபை பேசாமல் இருந்தால்தான் தாலி. மூப்பர்கள் ஜெபம் நடத்தலாம், ஓலை வாசிக்க முடியாது. அதற்கு ஐயாதான் வேண்டும். ஐயா என்று எங்கள் குருவானவரைத்தான் சொல்லுவோம்.

செவ்வாய் தவறினால் புதன்கிழமை லெந்து தொடங்கிவிடும். நாற்பது நாளுக்குக் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை ஜெயமணிக்கு ஈரோட்டில் ரயில்வே வேலை, அந்த வாரம்தான் லீவு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவருடைய தாய்மாமன் பொன்னையாவுக்கு ஒரு பெண் இருந்தாள். உரிமைப் பெண்ணை விட்டுவிட்டு அந்நியத்தில் எடுக்கிறார்கள் என்று அவருக்கு மனத்தாங்கல். "லெந்துக்கு முன்னாடி ஆகலைன்னா அது ஆண்டவர் சித்தம் இல்லன்னு அர்த்தம். பெறகு நாங்க யோசிச்சுக்குவோம்" என்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடாமல் போயிருந்தது. இதுவும் போனால் நான்காவதாக ஒருவர் வருவார் என்று அப்பாவே நம்பவில்லை.

இந்த நிலைமையில் நான் ஏன் ஊர் சுற்றப் போனேன் என்று கேட்பீர்கள். அம்மாதான் விரட்டினாள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பால் வைத்தால் பொங்கிவிடுமோ என்று பயம், பொங்கவில்லையென்றால் திரிந்துவிட்டதோ என்று பயம். வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருக்க, நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "மழ வந்துட்டா? சமையக்காரர் வராமப் போயிட்டா?" என்று கேட்டபடியே இருந்தேன். "ரெண்டு நாளு கண்ணுல படாம இரு தாயி. நீ இல்லன்னா இந்தக் கல்யாணத்த நிம்மதியா நடத்திருவேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் கிளம்பினோம். பாடகர்கள் என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர். கோயில் வாசலில் பார்த்தால் ஐயாவும் கையில் பையோடு நிற்கிறார். நாங்கள் தங்கப்போகும் கிராமத்தில் ஒரு ஞானஸ்நானம் இருக்கிறதாம், அவரும் வருகிறாராம்.

"ஐயா, நாளைக்கு ஓலை..." என்று இழுத்தேன்.

"ஏம்மா, வெள்ளனா ஆறு மணிக்கு பஸ் எடுத்தா எட்டு மணிக்குக் கோயில்ல இருப்போம். ஆராதனை ஒம்பதரைக்குத்தான?" என்றார். ஆறடிக்கு மேல் உயரம் அவர். அந்த உயரத்திலிருந்து ஒரு சொல் வந்தால் மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாது.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் அப்போது மைல் கணக்கில் இருபத்திரண்டு. நாங்கள் கோபால்பட்டி தாண்டி, சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் எங்களை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். மாசி மாதம் என்பதால் மரத்துக்கு மரம் ஆட்கள் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாணார்பட்டி பக்கத்தில் பஸ் ஆவி விட்டது. டிரைவர் ஹனீபா பாய் ரேடியேட்டர் மூடியைச் சாக்கால் பிடித்துத் திறந்துவிட்டு, "தண்ணி இருக்கா?" என்று குரல் கொடுத்தார். எங்கள் குழுச் செயலாளர் துரைராஜ் அண்ணன் எதிலும் முந்திக்கொள்பவர். பின்சீட்டுக்கு ஓடி, துணி கட்டியிருந்த ஒரு தூக்குவாளியை எடுத்துப் போய் அப்படியே ஊற்றினார். பாதிக்கு மேல் போன பிறகுதான் மிளகு வாசம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரசம்.

"அண்ணே, இது ரசமுல்ல!" என்றார் பாய்.

"சூடாத்தான இருக்கு, பரவால்ல ஓட்டுங்க" என்றார் அண்ணன்.

மேற்கொண்டு நல்ல தண்ணீரும் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸுக்குள் கல்யாணப் பந்தி வாசம் அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், இந்த வண்டி நாளைக்குக் கிளம்புமா என்று பாயிடம் நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை அவர் பீடி பற்றவைத்தார்.

பகல் முழுக்க நன்றாகவே போனது. ரசம் இல்லாத சாப்பாடு, வெஞ்சனம் மட்டும் நிறைய. ஞானஸ்நானம் முடிந்தது. சாயங்காலம் பாடகர்கள் தோப்புக்குள் புளி பொறுக்கக் கலைந்துவிட்டார்கள். பயிற்சி தொடங்க வேண்டும், ஒருவரையும் காணோம். அண்ணன் சிற்றாலயத்தின் மணிக்கயிற்றைப் பிடித்தார்.

திண்டுக்கல்லில் எங்கள் கோயிலில் முதல் மணி நிதானமாக, ஒவ்வொரு அடியாக விழும். வீட்டில் இருப்பவர்கள் குளித்துக் கிளம்ப அது அடையாளம். அண்ணனுக்கு அந்தப் பழக்கம்தான் கையில் இருந்தது. ஓர் அடி, மூச்சு விடும் நேரம், மறுபடி ஓர் அடி என்று பக்தியோடு இழுத்தார். நான் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. ஊர்தான் வந்தது.

மரத்தில் இருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி தெரு முக்கிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். முன்னால் வந்த உபதேசியார், அந்த ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்பவர், மூச்சு வாங்கக் கேட்டார்: "யாரு? யாரு தவறுனது?"

"என்ன தவறுனது?" என்றார் அண்ணன், கயிற்றை விடாமல்.

"துக்க மணியடிச்சுப்புட்டு என்னன்னு கேக்குறீகளே!"

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வோர் அடியாக மணி விழுந்தால் சாவு. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். டவுனில் இருந்து வந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கூட்டத்துக்கு விஷயத்தைப் புரியவைக்கச் செத்த நேரம் ஆனது. ஐயா வாசலில் வந்து நின்று எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார். முக்கில் ஒப்பாரி வைத்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப யாருமே சாகலையா?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். வந்த காலோடு போக மனமில்லாமல் எல்லோரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். நானும் சிரித்தேன். அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பயிற்சி முடிந்து வெளியே வந்தால் பஸ்ஸைக் காணவில்லை.

டீக்கடைக்காரர் விவரம் சொன்னார். மணி விழுந்தபோது பாய் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தாராம். 'திண்டுக்கல்லுலேர்ந்து வந்த ஆளுகள்ல யாரோ போயிட்டாக' என்று யாரோ சொல்ல, பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். "வீட்டு ஆளுகளுக்குத் தகவல் சொல்லணும்ல. காலைல கூட்டியாந்துருவேன்னு சொல்லிட்டுப் போறாரு. தங்கமான மனுசன்" என்றார் கடைக்காரர். உண்மைதான். அந்த நேரத்தில் கொஞ்சம் கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நத்தத்துக்குப் போனால்தான் தபாலாபீஸ், அது பூட்டியிருக்கும். போன் வசதியெல்லாம் எங்களுக்கு எங்கே? ஊரில் என்ன பேசுவார்கள், யார் செத்ததாக நினைப்பார்கள் என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு ஒன்பதரை மணி ஆராதனை மட்டும்தான் கண்ணில் நின்றது. ஐயா இங்கே. ஓலை அங்கே. அம்மா சொன்னபடி நான் இல்லாமலேயே கல்யாணம் நிம்மதியாக நடக்கும்போல, ஆனால் மணவறையில் வேறு பெண். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

விடிவதற்கு முன்னால் இரண்டு மாட்டு வண்டிகளில் நத்தம் சாலைக்கு வந்துவிட்டோம். முதல் லைன் பஸ் வந்தது. வாசல்படியிலேயே ஆறு பேர் தொங்கினார்கள், கைகாட்டியும் நிற்கவில்லை. வெயில் ஏறியது. ஐயா புளியமரத்தடியில் அமைதியாக உட்கார்ந்து வேதம் வாசித்தார். எனக்கு அவருடைய அமைதியைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. எட்டு மணிக்குக் கோயிலில் இருப்போம் என்றவர், எட்டரைக்குப் புளியமரத்தடியில் இருக்கிறார்.

அப்போது திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு பஸ் முக்கி முனகிக்கொண்டு வந்தது. எங்கள் பஸ்தான். கூரையில் ஒரு சவப்பெட்டி கட்டியிருந்தது. ஜன்னலெல்லாம் எங்கள் சபையார் முகம். என் அப்பா, அம்மா, ஐயாவின் மனைவி, மூப்பர்கள், பொன்னையா மாமா. பின்னாலேயே சைக்கிளில் வாலிபர்கள். எங்களைக் கண்டதும் பாய் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது. நின்ற மாத்திரத்தில் முன்னால் டமார் என்று ஒரு சத்தம், குபுகுபுவென்று ஆவி.

யாரும் ஆவியைப் பார்க்கவில்லை. இறங்கியவர்கள் எங்களை எண்ணினார்கள். பதினைந்து பாடகர்கள், ஐயா ஒருவர். மறுபடி எண்ணினார்கள். அம்மா ஓடி வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். சாவு என்று மட்டும்தான் பாய்க்குத் தெரியும், யார் என்று தெரியாது. ராத்திரி முழுக்கத் திண்டுக்கல்லில் பதினாறு வீட்டிலும் அழுகை.

ஜெயமணி கடைசியாக இறங்கினார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை, இரண்டு ஞாயிறு கோயிலில் தூரத்திலிருந்து, அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார், வேட்டியில் புழுதி படுகிறது என்ற நினைப்புகூட இல்லாமல்.

ஐயா பெட்டியை அண்ணாந்து பார்த்தார். "எனக்கா கொண்டாந்தீக? கால் வெளிய நிக்குமே" என்றார். அப்போதுதான் சபை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஐயா, மணி ஒம்பது" என்றேன். எல்லோரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். ஹனீபா பாய் ரேடியேட்டருக்குள் கம்பியை விட்டுக் குடைந்து, கருகிப்போன இலையைக் கையில் எடுத்துக் காட்டினார். "கருவேப்பிலை அடச்சுக்கிச்சு. உள்ள புளிச் சக்கை வேற. நேத்து நானும் வெரட்டி வெரட்டி ஓட்டிட்டேன். இனி மெக்கானிக் வந்தாத்தான் நகரும்." துரைராஜ் அண்ணன் சத்தமில்லாமல் மரத்துக்குப் பின்னால் போனார்.

பொன்னையா மாமா தொண்டையைச் செருமினார். "எல்லாம் உசுரோட இருக்கீக, ஸ்தோத்திரம். ஆனா ஓலை இன்னைக்குக் கோயில்ல வாசிச்சாகணும். கோயில் அங்க இருக்கு. நாம இங்க இருக்கோம். வலிய ஒண்ணையும் செய்யப்படாது. லெந்து முடியட்டும், பேசிக்கிருவோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது இடமும் போய்விட்டது என்று அந்த நிமிஷம் முடிவே கட்டிவிட்டேன். யார்மேல் கோபப்படுவது? ரசம் வைத்தவளின் மேலா?

ஐயா மாமாவின் பக்கத்தில் போய் நின்றார். "பொன்னையா, கையில என்ன புஸ்தகம்?"

"அடக்க ஆராதனைக்கு... ஜெபப் புஸ்தகம்."

"எங்க வெச்சு அடக்கம் பண்றதா இருந்தீக?"

"ஊருக்கு எடுத்துட்டுப் போக ஏலாட்டி... இங்கனயே எங்கயாச்சும் மரத்தடியில ஆராதனை வெச்சு..."

"என்னையப் பொதைக்க இந்த மரத்தடி கோயிலாகும். இந்தப் புள்ளைக்கு ஓலை வாசிக்க ஆகாதா?"

ஐயா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சபை மொத்தமும் இங்க நிக்குது. அங்க பூட்டுன கதவுக்கா வாசிக்கச் சொல்றீக?" என்று சொல்லிவிட்டு அண்ணனை மரத்துக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். "துரைராஜு, ஆர்மோனியத்த எறக்கு. மணி மட்டும் எதையும் அடிச்சுராத."

சவப்பெட்டியையும் இறக்கினார்கள். ஆர்மோனியம் வைக்க வேறு சமதளம் கிடைக்காததால் அதன்மேலேயே வைத்து வாசித்தேன். ஒன்பதரைக்கு ஆராதனை தொடங்கியது. புளி உலுக்குகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கிளையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாய் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஐயா என் பெயரையும் ஜெயமணி பெயரையும் சொன்னார். இது மூன்றாம் முறை என்றார். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

நான் பொன்னையா மாமாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவரைத்தான் பார்த்தேன். அவர் ஜெயமணியைப் பார்த்தார், அந்தப் புழுதி வேட்டியைப் பார்த்தார், கடைசியில் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கிளையில் இருந்த ஆள் ஒருவர், "தடை இல்ல சாமி, நடத்துங்க" என்றார். செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது.

இனி உங்கள் பயணத்துக்கு. இப்போது திண்டுக்கல்லில் இருந்து நத்தத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது, சுமார் முப்பத்தாறு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தோப்பில் தங்குவதானால் மாசி, பங்குனியில் போங்கள். சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. தோப்புக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீரையும் ரசத்தையும் ஒரே மாதிரிப் பாத்திரத்தில் எடுத்துப் போகாதீர்கள். எந்த ஊர்க் கோயில் மணியையும் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணம் முடிந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகும்போதுதான் இவரிடம் கேட்டேன். ஐயாவுக்கு என்று நினைத்தால் பெரிய பெட்டி அல்லவா வாங்கியிருக்க வேண்டும், அந்தச் சின்ன அளவை யார் சொன்னது என்று.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடையில் அளவு கேட்டார்களாம். மாமா ஐயாவின் உயரத்தைச் சொன்னாராம். இவர்தான் தன் தோளுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாராம். பெண் பார்க்க வந்த அன்று நான் நிலைப்படியோரம் நின்றதை வைத்துப் போட்ட கணக்கு. மாப்பிள்ளை காட்டிய அளவை மறுத்துச் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை.

"பெரிய பெட்டின்னா வண்டி குலுங்குறப்ப உள்ள இடிக்கும். ஒருவேள நீயா இருந்தா, உனக்குத் தோதா இருக்கட்டும்னுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதற்கும் பயந்ததில்லை. அவருக்காகப் பயப்படுவது மட்டும் கடைசிவரை போகவில்லை. நீங்கள் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் சுகம் என்று முதலில் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.